பாழ்பட்ட கட்டுத்தறி: வளர்ப்பு நாயின் இறப்பும் தமிழ் இரங்கல் மரபும்

ஆய்வுச் சுருக்கம்

வளர்ப்பு நாயின் இறப்புக்காக வருந்துதல் அண்மைக் காலத்தில் மேனாட்டிலிருந்து வந்து சேர்ந்த வழக்கம் என்னும் கருத்துப் பரவலாக உள்ளது. இக்கட்டுரை அக்கருத்தை இலக்கியச் சான்றுகளின் துணைகொண்டு ஆராய்கிறது. எடுத்தனூர் நடுகல்லும் ஆதகூர்க் கல்வெட்டும் நாயின் நினைவைப் போற்றுகின்றன. எனினும் அந்நினைவுக்குரிய தகுதியாக வீரச்செயலையே முன்வைக்கின்றன. புறநானூற்றின் 220-ஆம் பாடல், தான் வளர்த்த விலங்கை இழந்த பாகனின் அழுகையை அரசனுக்குரிய கையறுநிலைக்கு உவமையாக்குகிறது. அங்குத் துயரின் அடிப்படையாக அமைவது பாகன் அவ்விலங்கைப் புரந்த பல்லாண்டுப் பராமரிப்பு. இவ்வேறுபாட்டை நன்னூல் கூறும் திணை வழுவமைதியோடு இணைத்து நோக்கும்போது, எச்சாதனையும் புரியாத ஒரு வீட்டு நாய்க்காக அழுவதற்குத் தமிழ் மரபிலேயே இடமுண்டு என்பது புலனாகிறது.

திறவுச் சொற்கள்: கையறுநிலை, நடுகல், எடுத்தனூர், ஆதகூர், பொத்தியார், உவமை, திணை வழுவமைதி, வளர்ப்பு நாய்

முன்னுரை

'ஒரு நாய்க்குப் போய் இப்படியா அழுவது?' என்னும் வினாவைத் தமிழ் வீடுகளில் கேட்பது அரிதன்று. வினவுவோர் பெரும்பாலும் ஆறுதல் கூற வந்தவர்களே. அவர்தம் நோக்கில் தீங்கில்லை. ஆயினும் அவ்வினாவுக்குள் ஓர் அளவுகோல் மறைந்திருக்கிறது: அழுகைக்கு உரியவர் யார், உரியவர் அல்லாதவர் யார் என்னும் வரையறையே அது. தந்தை இறந்தால் பதினாறு நாள். உறவினர் இறந்தால் அவ்வவ்வுறவின் அணிமைக்கேற்பத் தீட்டு. ஒப்பாரிக்கும் முறை உண்டு. பன்னிரண்டு ஆண்டுகள் வாசலிலும் பின்னர்க் கூடத்திலும் கிடந்த நாய் இறந்தால், மறுநாள் அலுவலகத்துக்குச் செல்லவேண்டும் என்பதே எழுதப்படாத விதி.

அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய துயரைத் தனிவகையாகப் பிரித்துக் காட்டினார். வெளிப்படையாக ஏற்கப்படாத, பலர்முன் அழ இயலாத, சமூகத்தின் துணை கிட்டாத இழப்பின் துயர் அது. 'ஏற்பு மறுக்கப்பட்ட துயர்' என்று அதனைத் தமிழில் வழங்கலாம். வளர்ப்பு விலங்கின் இறப்பு இவ்வகைக்குத் தக்க எடுத்துக்காட்டாகப் பிற்கால ஆய்வுகளில் தொடர்ந்து சுட்டப்பெறுகிறது. உளவியல் இத்துயருக்குப் பெயர் தந்தது. இலக்கியத் திறனாய்வு கேட்கவேண்டிய வினா வேறு. இத்துயரைச் சொல்வதற்குத் தமிழில் வடிவம் உண்டா? உண்டெனில், அவ்வடிவம் எதனைத் தகுதியாகக் கேட்கிறது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கையறுநிலையின் எல்லை

இறந்தோர்க்கு இரங்கும் பாடலைத் தொல்காப்பியம் கையறுநிலை என்னும் துறையாகக் காஞ்சித்திணையுள் வைத்துப் பேசுகிறது. கழிந்தோரை நினைந்து எஞ்சியோர் புலம்புவதே அதன் பொருள். 'கையறுதல்' என்பது செயலற்றுப் போதல். இறந்தவரின் பெருமையைக் காட்டிலும் எஞ்சியவரின் இயலாமையையே துறைப்பெயர் முன்னிறுத்துகிறது என்பது கருதத்தக்கது. புறநானூற்றில் இத்துறையில் அமைந்த பாடல்கள் வேந்தர், வேளிர், வள்ளல்கள், வீரர்கள் ஆகியோரைப் பாடுகின்றன. பாரிக்காகக் கபிலரும், கோப்பெருஞ்சோழனுக்காகப் பொத்தியாரும், ஒல்லையூர்ப் பெருஞ்சாத்தனுக்காகக் குடவாயிற் கீரத்தனாரும் பாடிய பாடல்கள் பலரும் அறிந்தவை. கீரத்தனார் பாடலில் முல்லைக்கொடி முன்னிலைப்படுத்தி வினவப்படுகிறது. இயற்கை, துயரைக் கேட்கும் செவியாக அங்கு அமைகிறது; துயருக்குரிய பொருளாக அமைவதில்லை.

தொல்காப்பிய விதியில் இறந்தோரைக் குறிக்கும் சொல் உயர்திணைப் பலர்பாலில் அமைந்துள்ளது. மரபியல் விலங்குகளை ஐயறிவுடையவையாகவும் மக்களை ஆறறிவுடையோராகவும் வகுக்கிறது. இவ்விரண்டையும் இணைத்து நோக்கின், நாய் கையறுநிலையின் எல்லைக்குப் புறத்தே நிற்பது இயல்பாகவே தோன்றும். சங்கப் பாடல்களில் நாய்க்கு இடமில்லை என்பதன்று. வேட்டுவரோடு காட்டில் திரியும் நாய்களும், பெரும்பாணாற்றுப்படை காட்டும் எயினர் குடியிருப்பில் தொடரியால் பிணிக்கப்பட்ட காவல் நாய்களும் உள்ளன. ஞமலி, ஞாளி எனப் பெயர்களும் பலவாம். ஆயினும் அவை யாவும் பொதுப்பெயர்கள். வேட்டையின் ஒரு கூறாகவும் காவலின் ஒரு கூறாகவும் நாய் வந்து செல்கிறது.

பக்தி இலக்கியத்தில் இந்நிலை வேறொரு திசையில் செல்கிறது. திருவாசகத்தில் மாணிக்கவாசகர் தம்மை நாயெனவும் நாயினும் இழிந்தவனெனவும் பலமுறை கூறிக்கொள்கிறார். இறைவன்முன் உயிரின் சிறுமையைக் காட்டும் அளவாக நாய் அங்குப் பயன்படுகிறது. நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் என்று தொடங்கும் பழமொழியும் நாய்க்குரிய இடம் நடுவீடன்று என்றே கருதுகிறது. இன்று பல வீடுகளில் நாய் திண்ணையிலிருந்து நடுவீட்டுக்கு வந்துவிட்டது. மொழி மட்டும் திண்ணையிலேயே நிற்கிறது. துயருறுவோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டின் வேர்களுள் இதுவும் ஒன்று.

எடுத்தனூர்: பெயர் பெற்ற நாய்

ஏட்டிலக்கியம் தராத தனிப்பெயரைக் கல் தந்தது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியினது. வட்டெழுத்தில் அமைந்த இக்கல்வெட்டு, வாணகோ அரைசரின் மருமகனான பொற்றொக்கையார் என்பவரின் சேவகனாகிய கருந்தேவகத்தி என்னும் வீரன், எருமைகளைக் காக்கும் பொருட்டு நிகழ்ந்த பூசலில் பட்டதைக் குறிக்கிறது. கல்லில் வீரனின் உருவத்தோடு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. நாய்க்கெனத் தனியே ஒரு தொடரும் உண்டு. கோவிவன் என்னும் பெயருடைய அந்நாய், கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதை அத்தொடர் தெரிவிக்கிறது.

இக்கல்வெட்டின் இரண்டு தொடர்களையும் ஒப்பிட்டால் நுட்பமான வேறுபாடு ஒன்று தெரியவரும். வீரனைப் பற்றிய தொடர் 'பட்டான் கல்' என முடிகிறது. பட்டான் என்பது நடுகற்களில் போரில் இறந்தவனுக்கு வழங்கும் வினை. ஆண்பால் விகுதியோடு இறப்பு நேரடியாகச் சொல்லப்பட்டுவிடுகிறது. நாயைப் பற்றிய தொடரோ 'காத்திருந்தவாறு' என முடிகிறது. காத்து நின்ற விதம் என்பது அதன் பொருள். அருகில் உள்ள உருவத்துக்கு விளக்கம் எழுதுவது போன்ற நடை இது. நாய் இறந்ததாகக் கல்வெட்டு கூறவில்லை. அப்பூசலில் அது இறந்ததா, இறந்த தலைவனின் உடலருகே உயிரோடு காத்து நின்றதா என்பதைத் தொடர் திறந்தே வைக்கிறது.

இவ்வேறுபாட்டைத் திணை வேறுபாட்டின் விளைவாக மட்டும் காண்பது போதாது. கல்லை நிறுவியோர் நாய்க்கு இறப்பைக் குறிக்கும் வினையைத் தரவில்லை, பெயரைத் தந்தனர். பல்லவர் கால நடுகல்லில் ஒருவனுக்குப் பெயரும் உருவும் செயலும் கிட்டுதல் பெருஞ்சிறப்பு. அச்சிறப்பு நாய்க்கும் கிட்டியது. கோவிவன் என்பது ஊரார் ஒருகாலத்தில் வாயால் அழைத்த பெயர். உணவிட அழைத்த பெயர், இரவில் ஓசை கேட்டு எழுந்து அழைத்த பெயர். கல்லில் அது பொறிக்கப்பட்டதற்குக் காரணம் கள்வரைக் கடித்த செயல்தான்; ஆனால் பெயர் அச்செயலுக்கு முன்னரே வைக்கப்பட்டது. செயலைப் போற்றும் தொடருக்குள், செயலுக்கு முந்திய ஓர் அன்பு 'என்னும்' என்ற சிறு சொல்லின் முன் அமர்ந்திருக்கிறது. துயரைக் கல்வெட்டு பேசவில்லை. துயருக்கான சான்றை மட்டும் விட்டுச் சென்றது.

வீரச்செயலைத் தகுதியாகக் கொண்டு விலங்குக்கும் பறவைக்கும் கல் எடுக்கும் வழக்கம் இவ்வொரு கல்லோடு நிற்பதன்று. அரசலாபுரத்திலும் இந்தளூரிலும் சேவற்சண்டையில் வென்ற கோழிகளுக்கு எடுத்த கற்கள் கிடைத்துள்ளன. இந்தளூர்க் கோழிக்கும் பொற்கொற்றி என்னும் பெயர் உண்டு. அங்கும் சண்டையே தகுதி.

ஆதகூர்: பரிசாகக் கேட்ட நாய்

எடுத்தனூர்க் கல்லுக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், கன்னட நாட்டில் எழுந்த ஆதகூர்க் கல்வெட்டு இவ்வகையில் மேலும் விரிவானது. சக ஆண்டு 872-ஐச் சேர்ந்த இக்கல் கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்தது. இன்று பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. தமிழக வரலாற்றோடு இதற்கு நேரடித் தொடர்பு உண்டு. இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்துத் தக்கோலத்தில் 949-இல் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்கும் சோழருக்கும் நடந்த போரில், முதற் பராந்தகனின் மகன் இராசாதித்தன் யானைமேல் இருந்தவாறே உயிர்நீத்தான். கிருஷ்ணன் பக்கம் நின்று அவனை வீழ்த்தியவன் கங்க மன்னன் இரண்டாம் பூதுகன். இப்போர்ச் செய்திக்காகவே வரலாற்றறிஞர்கள் இக்கல்வெட்டைப் பெரிதும் பயன்படுத்தி வந்துள்ளனர்.

கல்வெட்டின் மையச் செய்தி வேறு. பூதுகனின் வீரனான மணலேரன் அப்போரில் காட்டிய ஆண்மையை மெச்சி, வேண்டியதைக் கேட்குமாறு அவனிடம் கூறப்பட்டது. அவன் கேட்டது காளி என்னும் வேட்டை நாயை. பின்னர்க் கேழலே நாட்டில் பெரும்பன்றி ஒன்றின்மேல் அந்நாய் ஏவப்பட்டது. நாயும் பன்றியும் பொருது ஒருசேர இறந்தன. அதன் நினைவாக ஆதகூரில் சல்லேசுவரர் கோயில்முன் கல் நாட்டப்பட்டது. கல்லுக்கு நாள்வழிபாடு நிகழ நிலம் விடப்பட்டது. வழிபாடு செய்யவேண்டிய பூசகர் கல்லை வழிபடாமல் உண்பாராயின் நாயின் பாவத்தை அடைவார் என்னும் சாபமும் பொறிக்கப்பட்டது. கல்லின் மேற்பகுதியில் நாயும் பன்றியும் பொருதும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது.

இங்கு மூன்று கூறுகள் கவனத்துக்குரியன. முதலாவது, மணலேரனின் தேர்வு. பெரும்போர் ஒன்றின் வெற்றிக்குப்பின் வேண்டியதைக் கேட்கும் உரிமை பெற்றவன் ஒரு நாயைக் கேட்கிறான். காளியின் வேட்டைத்திறன் அத்தேர்வுக்குக் காரணமாக இருந்திருக்கலாம். எனினும் கேட்டுப் பெற்ற ஒன்றை இழப்பது, வாய்த்த ஒன்றை இழப்பதினும் கொடிது. இரண்டாவது, எடுத்தனூர் சொல்லாமல் விட்ட இறப்பை ஆதகூர் சொல்கிறது. ஆனால் கொன்ற பன்றியோடு சேர்த்தே சொல்கிறது. காளியின் இறப்பு வெற்றியின் மறுபக்கமாக அமைந்தால்தான் கல்லில் ஏறமுடிகிறது. மூன்றாவது, அந்த நாள்வழிபாடு. உண்பதற்கு முன் ஒவ்வொரு நாளும் நினைக்கவேண்டும் என்னும் கட்டளை, துயருக்குச் சடங்கு வடிவம் தரும் முயற்சி. அம்முயற்சியைக் காக்க எழுதிய சாபத்திலும் 'நாய்' என்பது இழிவின் பெயராகவே வருகிறது. ஒரு நாயைத் தெய்வ நிலைக்கு உயர்த்திய அதே கல்லால், நாய் என்னும் சொல்லை அதன் பழைய இழிவிலிருந்து மீட்க இயலவில்லை.

தகுதி கேட்கும் பிற மரபுகள்

நாயின் நினைவுக்குத் தகுதி கேட்பது தென்னிந்தியக் கல்வெட்டுகளுக்கு மட்டும் உரியதன்று. ஓமரின் ஒடிசி காப்பியத்தின் பதினேழாம் பகுதியில், இருபது ஆண்டுகளுக்குப்பின் இரவலன் வேடத்தில் வீடு திரும்பும் ஒடிசியசை, குப்பைமேட்டில் கிடக்கும் அவனது முதிய நாய் ஆர்கோசு அடையாளம் கண்டுகொள்கிறது. வேடம் வெளிப்பட்டுவிடக்கூடாது என்பதால் உடன்வரும் பன்றிமேய்ப்பன் காணாதவாறு அவன் கண்ணீரைத் துடைக்கிறான். உடனே அவன் கேட்பது, இந்நாய் விரைந்து ஓடக்கூடியதா அல்லது அழகுக்காக வளர்த்ததா என்பதை. மேய்ப்பன் அதன் பழைய வேட்டைத்திறனைப் புகழ்கிறான். திறன் பற்றிய பேச்சு, மறைத்த கண்ணீரின்மேல் போர்த்திய துணியாகிறது. ஆர்கோசு அங்கேயே இறந்துபோகிறது.

ஆங்கிலக் கவிஞர் பைரனின் நாய் போட்சுவெயின் 1808-இல் வெறிநோயால் இறந்தது. நியூசுடெட் மடத்து வளாகத்தில் அதற்கு நினைவுச்சின்னம் எழுப்பி, அதில் பொறிக்கக் கவிதையும் எழுதினார் அவர். 1811-இல் எழுதிய விருப்பமுறியில் தம்மையும் அங்கேயே அடக்கம் செய்யுமாறு கேட்டிருந்தார். அக்கவிதையின் பெரும்பகுதி மனிதரின் நன்றியின்மையையும் செருக்கையும் சாடுகிறது. நாயை உயர்த்த மனிதரைத் தாழ்த்தவேண்டியிருக்கிறது. கவிதை முடியும்போது மனிதர்மீதான சினமே மேலோங்கி நிற்கிறது; இறந்த நாய் அச்சினத்துக்கு வாய்ப்பாகிவிடுகிறது.

வியாசபாரதத்தின் மகாபிரஸ்தானிக பருவத்தில் தருமன் தன்னைப் பின்தொடர்ந்த நாயைக் கைவிட்டு விண்ணுலகு செல்ல மறுக்கிறான். நாய் அறக்கடவுளாக உருமாறுகிறது. மறுப்பின் மேன்மை நிலைக்கிறது, நாய் மறைகிறது. வில்லிபுத்தூராரின் பாரதம் பதினெட்டாம் நாள் போரை ஒட்டி நிறைவுறுவதால் அந்நாய்க்கு அந்நூலில் இடம் அமையவில்லை.

காவல், வேட்டை, நன்றி, அறம் என ஒவ்வொரு மரபும் ஏதேனும் ஒரு தகுதியைக் கேட்கிறது. இத்தகுதிகளுள் எதுவும் இல்லாத நாய் என்ன ஆகும்? கள்வரைக் கண்டால் வாலாட்டிய நாய், பட்டாசு ஓசைக்குக் கட்டிலடியில் ஒளிந்த நாய், முதுமையில் கண் மங்கிச் சிறுநீரகம் பழுதாகிக் கூடத்து மூலையில் இறந்த நாய் என நம் காலத்து வீட்டு நாய்கள் பெரும்பாலும் அத்தகையனவே. அவற்றுக்காக அழுபவரிடம் காட்டுவதற்குச் செயல் ஒன்றும் இல்லை.

பொத்தியாரின் பாகன்

புறநானூற்றின் 220-ஆம் பாடல் இவ்விடத்தில் உதவுகிறது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்நீத்தபின், அவனில்லாத உறையூரைக் கண்ட பொத்தியார் பாடியது இது. துறை கையறுநிலை. பாடலின் அமைப்பு எளிது. பெருஞ்சோறு ஊட்டிப் பல்லாண்டு புரந்த பெருங்களிற்றை ஒரு பாகன் இழக்கிறான். அது தங்கியிருந்த கூடத்தில் கட்டுத்தறி பாழாய் நிற்பதைக் கண்டு அழுகிறான். அவ்வாறே, சோழன் இல்லாத மூதூர் மன்றத்தைக் கண்டு தாமும் கலங்கியதாகப் புலவர் கூறுகிறார்.

இப்பாடலை அரசனுக்கான இரங்கலாகவே படித்து வந்துள்ளோம். அது சரியே. ஆயினும் உவமை இயங்கும் முறையை எண்ணிப் பார்க்கவேண்டும். அறிந்த ஒன்றைக்கொண்டு அறியாத ஒன்றை விளக்குவதே உவமையின் தொழில். அரசனை இழந்த புலவரின் துயர் எத்தகையது என்பதைக் கேட்போர்க்கு உணர்த்தவேண்டும். அதற்குப் பொத்தியார் எடுத்துக்கொண்ட அளவுகோல் விலங்கை இழந்தவனின் அழுகை. அவ்வழுகை உண்மையானது, பெரிது, ஐயத்துக்கு இடமற்றது என்பதைக் கேட்போர் முன்னரே ஏற்றிருந்தால்தான் இவ்வுவமை நிற்கும். ஒரு விலங்குக்குப் போய் இப்படியா அழுவது என்று கேட்கும் அவையில் இப்பாடல் நகைப்புக்கு இடமாகியிருக்கும்.

தொல்காப்பிய உவமவியல் இக்கருத்துக்கு மேலும் வலுச்சேர்க்கிறது. உவமானம் பொருளினும் உயர்ந்ததாக அமையவேண்டும் என்பது அதன் விதி. சிறப்பு, நலன், காதல், வலி ஆகியவை உவமைக்கு நிலைக்களன்கள் என்றும் அது வகுக்கிறது. இவ்விதியைப் பொத்தியாரின் பாடலுக்குப் பொருத்தினால் வியப்பான முடிவுக்கு வருகிறோம். பாகனின் துயர் இங்கு உயர்ந்த பக்கத்தில் வைக்கப்பட்டுள்ளது. வேந்தனை இழந்த புலவரின் துயர் அதனை எட்ட முயல்கிறது. நிலைக்களனாக அமைவது காதல்.

அடுத்து, பாடல் களிற்றைப் பற்றி எவற்றைச் சொல்கிறது, எவற்றை விடுகிறது என்பது இன்றியமையாதது. அது பெரிய களிறு என்பதைத் தவிர, அது போரில் செய்த செயல் எதுவும் கூறப்படவில்லை. மதிலைச் சிதைத்ததாகவோ பகைவரை மிதித்ததாகவோ ஒரு சொல்லும் இல்லை. சங்கப் பாடல்களில் களிற்றுக்கு இத்தகைய அடைமொழிகள் ஏராளம். பொத்தியார் அவற்றைத் தொடவில்லை. கூறப்படுவன எல்லாம் பாகன் செய்தவை: உணவூட்டினான், பல்லாண்டு புரந்தான். களிறு எவ்வாறு இறந்தது என்பதும் இல்லை. 'இழந்த' என்னும் சொல் பாகனின் பக்கத்திலிருந்தே பேசுகிறது. நடுகற்கள் 'அது எனக்கு என்ன செய்தது' என்பதை எழுதின. இப்பாடல் 'நான் அதற்கு என்ன செய்துவந்தேன்' என்பதிலிருந்து துயரை வளர்க்கிறது. ஊட்டிய கைக்கு இனி வேலையில்லை. கையறுதல் என்னும் சொல்லின் நேர்ப்பொருளும் அதுவேயாம்.

இதனாலேயே கட்டுத்தறி பாடலின் மையமாகிறது. பாகன் களிற்றின் உடலைக் கண்டு அழவில்லை. அது இல்லாத இடத்தைக் கண்டு அழுகிறான். நாயை இழந்த வீட்டிலும் அழுகை பெரும்பாலும் உடலின்முன் தொடங்குவதில்லை. மறுநாள் காலையில் கவிழ்ந்து கிடக்கும் சோற்றுத்தட்டு, ஆணியில் தொங்கும் சங்கிலி, கதவின் கீழ்ப்பகுதியில் நகம் கீறிய தடம், வழக்கமான நேரத்தில் பால் வாங்கக் கிளம்பிக் கால் தயங்கும் வாசற்படி ஆகியவையே கண்ணீருக்குக் காரணமாகின்றன. பொத்தியார் கண்ட தறி இவை யாவற்றுக்கும் முன்னோடி.

யானை அரசுரிமையின் சின்னம், நாய் அத்தகையதன்று என்னும் மறுப்பு இங்கு எழக்கூடும். மறுப்பில் பொருளுண்டு. யானையின் மதிப்பும் நாயின் மதிப்பும் பழந்தமிழ்ச் சமூகத்தில் ஒன்றல்ல. யானையை வைத்து வேந்தனை உவமித்தது போல் நாயை வைத்து உவமித்திருக்க மாட்டார்கள். ஆனால் இம்மறுப்பு களிற்றின் மதிப்பைப் பற்றியது. பாடலில் அழுபவன் அரசனல்லன், பாகன். அவனுக்குக் களிறு உரிமைப் பொருளன்று. அதன் இழப்பு அவனது செல்வத்தின் இழப்பன்று. அவன் இழந்தது நாள்தோறும் ஊட்டிய உறவை. அவ்வுறவுக்கு விலங்கின் சமூக மதிப்பு தேவைப்படவில்லை.

திணை மயங்கும் இடம்

உவமையில் இடம்பெற்ற துயருக்கு இலக்கணத்திலும் ஓர் இடம் உண்டு. பவணந்தியார் நன்னூலில் உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகிய ஐந்து காரணங்களால் திணையும் பாலும் மயங்கி வருவதை இயல்பெனக் கொள்கிறார். உவப்பினால் அஃறிணை உயர்திணையாவதற்கு உரைநூல்கள் காட்டும் எடுத்துக்காட்டு, ஒரு பசுவைத் தாயென்று கூறிப் பெண்பால் வினையால் முடிப்பது. எனவே வளர்ப்பு விலங்கை 'அவன்', 'அவள்' என்று சுட்டும் இன்றைய வழக்கத்தைப் பிறமொழித் தாக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. பதின்மூன்றாம் நூற்றாண்டு இலக்கணமே அதற்கு இசைவு தந்துள்ளது.

இவ்விசைவுக்கு ஓர் எல்லை இருப்பதையும் காணவேண்டும். ஐந்து காரணங்களுள் துயரம் இல்லை. பசு வருகிறது, கண்டவன் உவக்கிறான், திணை மயங்குகிறது. எடுத்துக்காட்டில் விலங்கு கண்முன் உயிரோடு நிற்கிறது. அது இறந்தபின் மயக்கம் நீடிக்குமா என்பதற்கு நூற்பாவில் விடையில்லை. இடர்ப்பாடு வினைச்சொல்லில் வெளிப்படுகிறது. செத்தாரைத் துஞ்சினார் என்று கூறும் மங்கல வழக்கை இலக்கணம் மக்களுக்கு உரியதாக்குகிறது. காலமானார், இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார் என இறப்பை மென்மையாக்கும் தொடர்கள் யாவும் மக்களுக்கே. நாய்க்கு எஞ்சுவது 'செத்தது' என்னும் ஒரு சொல்.

இக்கட்டுரையாளரின் இல்லத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் வளர்ந்த நாய் இறந்தபோது, வீட்டுக்குள் எல்லோரும் 'அவன் போய்விட்டான்' என்றே கூறினர். அதே நாளில் பக்கத்து வீட்டார் வினவியபோதும், விடுப்புக் கேட்டுத் தொலைபேசியில் பேசியபோதும் வாயில் வந்தது 'நாய் செத்துப்போச்சு' என்பதே. ஒரே இறப்பு வாசற்படியின் உட்புறத்தில் உயர்திணையிலும் வெளிப்புறத்தில் அஃறிணையிலும் சொல்லப்பட்டது. பல வீடுகளில் இவ்வாறே நிகழ்வதை உரையாடல்களில் கேட்க முடிகிறது. ஒடிசியசு மறைத்துத் துடைத்த கண்ணீரை, தமிழில் நாம் விகுதியில் மறைக்கிறோம்.

ஏற்பு மறுக்கப்பட்ட துயர் என்று உளவியல் சுட்டுவது தமிழில் துல்லியமாக எங்கு நிகழ்கிறது என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது. வினைமுற்றின் இறுதி எழுத்தில் அது நிகழ்கிறது. ஆயினும் உவப்பினால் உயர்திணையாகிய ஒன்று, அவ்வுவப்பு துயராக மாறிய பின்னும் உயர்திணையாகவே நிற்றல் முரணாகாது. துயரம் உவப்பின் எதிர்ச்சொல்லன்று. உவந்த பொருள் நீங்கியபின் உவப்பு எடுக்கும் வடிவம். பொத்தியாரின் பாகன் உவந்து ஊட்டியதனாலேயே அழுதான். நூற்பாவைத் திருத்தவேண்டிய தேவை இல்லை. 'உவப்பு' என்னும் சொல்லுக்குள் பல்லாண்டுப் பராமரிப்பும் அதன் முறிவும் அடங்கும் எனக் கொண்டால் போதும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வருவன பெறப்படுகின்றன.

நாயின் நினைவைப் போற்றுதல் தென்னிந்திய மரபுக்குப் புதிதன்று. ஏழாம் நூற்றாண்டு எடுத்தனூர்க் கல்லும் பத்தாம் நூற்றாண்டு ஆதகூர்க் கல்லும் நாய்க்குப் பெயரும் உருவும் இடமும் தந்தன. எனினும் அவை காவலையும் வேட்டையையும் தகுதியாகக் கேட்டன. அத்தகுதி இன்றைய வீட்டு நாய்க்குப் பொருந்தாது.

புறநானூற்றின் 220-ஆம் பாடல் தகுதி கேட்காமல் துயரை ஏற்கிறது. அங்கு விலங்கின் இழப்பால் வரும் அழுகை, வேந்தனுக்கான அழுகையை அளக்கும் கோலாக உயர்த்தப்பட்டுள்ளது. அதன் அடிப்படை புரந்தவனின் பராமரிப்பு. எச்செயலும் புரியாத நாய்க்காக அழுவோர் இம்மரபைத் தமதென உரிமை கொண்டாடலாம்.

நன்னூலின் திணை வழுவமைதி உயிரோடுள்ள விலங்கை உயர்திணையாக்க இசைவு தருகிறது. இறந்த விலங்குக்கும் அவ்விசைவை நீட்டிப்பது இலக்கணத்தின் நோக்கோடு முரண்படாது. வீட்டுக்குள் சொன்ன 'போய்விட்டான்' என்னும் சொல்லை வாசலுக்கு வெளியேயும் சொல்வதற்கு நன்னூலின் 'உவப்பு' என்னும் காரணமே போதும்.

வளர்ப்பு விலங்குகளின் இறப்பைப் பற்றி இக்காலத்தில் எழுதப்படும் கவிதைகளையும் கதைகளையும் மிகையுணர்ச்சி என்று ஒதுக்கும் போக்குத் திறனாய்வில் உண்டு. அத்தகைய படைப்புகளை மதிப்பிடும்போது, விலங்கு என்ன செய்தது என்பதைவிட, எழுதுபவர் எந்தத் தறியைக் காட்டுகிறார் என்று கேட்பது பயனுடையது. அப்படைப்புகளில் தறி தெளிவாகத் தெரியுமாயின், பொத்தியார் கையாண்ட முறையே அவற்றிலும் தொடர்கிறது எனக் கொள்ளலாம்.